அக்காவும் தெர்மாகோல் மூடியும்

மீன் அடைத்து அனுப்பும் தெர்மாகோல் பெட்டியின் மூடி ஒன்று என் ஸ்டுடியோவில் கிடக்கிறது. ஒரு முனை உடைந்திருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் மீன் வாடை முழுதாகப் போனதில்லை. காசு கொடுத்து வாங்கிய ரிஃப்ளெக்டர்கள் உறை பிரிக்காமல் இருக்க, வெளியில் யாரையாவது படமெடுக்கப் போகும்போது கை இந்த மூடியைத்தான் தேடுகிறது. வெயிலை வாங்கி முகத்தில் மெதுவாகத் திருப்பிவிடும். அதற்குமேல் எதுவும் செய்யாது. இதை முதன்முதலில் பிடித்து நின்றவள் அம்மா, அதுவும் மனமே இல்லாமல்.

அக்காவுக்கு இடது காதின் கீழிருந்து தாடை வரை ஒரு வெள்ளைத் திட்டு. கல்லூரியில் படிக்கும்போது வந்தது. அவள் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கல்யாணப் பேச்சு தொடங்கியதும்தான் அது வீட்டுக்குள் பெரிய விஷயமானது. மில்லர்புரத்தில் ஒரு ஸ்டுடியோவில் அவளைப் படமெடுத்தார்கள். திட்டை எடுத்துவிடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே எடுத்துவிட்டார்கள். நிறத்தையும் இரண்டு படி ஏற்றியிருந்தார்கள். அம்மாவுக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துப்போனது. “மொதல்ல வந்து பாக்கட்டும். நேர்ல பேசிப் பழகிட்டா இதெல்லாம் ஒரு கொறையாத் தெரியாது” என்பாள்.

வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா போனில் இருந்த படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். வடையும் காபியும் சாப்பிட்டுவிட்டுப் போன் பண்ணுகிறோம் என்று கிளம்பினார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. மூன்றாவதாக வந்தவர்கள் காபிகூடக் குடிக்கவில்லை. அன்று சேலையை மாற்றிவிட்டு வந்து அக்கா என்னிடம் சொன்னாள்: “அவுங்க யாரும் என்னப் பாக்கல லே. அந்தப் படத்துல இல்லாததத்தான் தேடிப் பாத்தாங்க. இனும ஒருத்தர் முன்னாடியும் இப்படிப் போயி நிக்க மாட்டேன். நீ எடு. இருக்கதோட எடு.” அவள் குரல் உயரவில்லை.

நான் அப்போதுதான் கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கத் தொடங்கியிருந்தேன். வெள்ளைத் தோலில் நேர் வெயில் பட்டால் அந்த இடம் மட்டும் வெளுத்துப் பளீரென்று அடிக்கும். பார்ப்பவர் கண் வேறெங்கும் போகாது. ஃபிளாஷ் அதைவிட மோசம். அதனால் சாயங்காலம் வெயில் ஊர்ப்பக்கம் இறங்கிய பிறகு, கரையில் பழுதுபார்க்க ஏற்றி வைத்திருந்த ஒரு விசைப்படகின் நிழலில், கடலைப் பார்த்து அக்காவை நிற்க வைத்தேன். முதலில் எடுத்த படங்களில் அவள் கன்னம் நீலமாக வந்தது. படகுக்குப் புதிதாக அடித்திருந்த பெயின்டின் நிறம் முகத்தில் ஏறியிருந்தது. சாயம் சுரண்டிப்போட்ட வேறொரு படகைத் தேடிப் போனோம்.

வேண்டாம் என்று காலையிலிருந்து சண்டை போட்ட அம்மாவும் கூடவே வந்திருந்தாள். கரையில் கிடந்த அந்த மூடியை எடுத்து அவள் கையில் கொடுத்து அக்காவின் வலது பக்கம் நிற்கச் சொன்னேன். கடற்காற்றில் மூடி ஆடியது. நான் கேமராவுக்குள் பார்க்கும்போதெல்லாம் அவள் இடது பக்கம் வந்துவிடுவாள். மூடியின் விளிம்பு சரியாகத் தாடையை மறைத்து நிற்கும். நான் வலது பக்கம் அனுப்புவேன், அவள் திரும்ப வருவாள். கடைசியில் அக்காதான் சிரித்துவிட்டாள். “எம்மா, நீ மறைச்சு மறைச்சு கை வலிச்சுப் போகும். அங்கன போயி நில்லு.” அம்மா போய் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல நான் எடுத்து முடித்தேன்.

கணினியில் உட்கார்ந்தபோது அக்கா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். நெற்றியில் ஒரு பரு இருந்தது. “இது அடுத்த வாரம் போயிரும், எடுத்துரு. தாடையில உள்ளது எங்கூடயே வாரது, அதுல கைய வைக்காத.” பருவை எடுத்தேன். கண்களில் நிழலைக் கொஞ்சம் தூக்கினேன். வேறொன்றும் செய்யவில்லை.

குலசேகரன்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த ஒரு வரனுக்கு அந்தப் படம் போனது. பையனுக்குத் துபாயில் வேலை. அவர் முன்பே அனுப்பியிருந்த படத்தில் தலை நிறைய முடி. அக்காவின் படம் போன மறுநாள் அவரிடமிருந்து இன்னொரு படம் வந்தது. உச்சி வெயிலில் தொப்பியைக் கழற்றிவிட்டு அவரே எடுத்தது. முன்னந்தலை முழுக்க வழுக்கை, கண்ணிருக்கும் இடத்தில் கறுப்பாக நிழல். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அக்கா படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். “பாவம், வெயில்ல நிக்காரு. அடுத்த தடவ நெழலுக்கு வரச் சொல்லு” என்றாள். சம்மதம் என்று தனியாக அவள் எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

போன மாதம் அக்காவும் அத்தானும் லீவில் வந்திருந்தார்கள். திட்டு இப்போது உதட்டிலும் விரல்களிலும் ஏறியிருக்கிறது. பழைய படத்தில் இருப்பவள் இவள்தானா என்று தெரியாதவர்கள் கேட்பார்கள். படமெடுக்க அதே கரைக்குப் போனோம். அம்மாவுக்கு முட்டு வலி, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய் உட்கார வைத்தோம். “மாப்ள, என் மண்டையில வழுக்கைய மட்டும் லேசாக் கொறைச்சிருங்க” என்றார் அத்தான். “அது கூடயே வாரது” என்றாள் அக்கா.

முதலில் அக்காவைத் தனியாக எடுக்கலாம் என்று மூடியை அத்தானிடம் கொடுத்தேன். அவர் தெரியாமல் இடது பக்கம் போய் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது.

“அங்கன நிக்காதீங்க மாப்ள. மூடி எம்புள்ள மொகத்த மறைக்குது.”