பெர்த்தா அத்தை வழக்கு

மாணிக்கவாசகம் முப்பத்தாறு வருடம் ரயில்வே மெயில் சர்வீஸில் கடிதம் பிரித்தார். பிரித்தார் என்றால் உறையைப் பிரித்தார் என்று பொருளில்லை, ஊர்வாரியாகப் பிரித்தார். மைசூரிலிருந்து கிளம்பும் வண்டியில் பாதிக் காலம், ஸ்டேஷனை ஒட்டிய அலுவலகத்தில் மீதிக் காலம். அவர் கைபட்டுப் போன கடிதங்கள் கோடியைத் தாண்டும். ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. போஸ்ட் கார்டு என்றால் விலாசம் இருக்கிற பக்கத்தோடு சரி, திருப்ப மாட்டார். ஒருமுறை அவருடைய தங்கை அவருக்கே எழுதிய கார்டு கையில் வந்து விழுந்தது. அதையும் விலாசம் பார்த்துக் கட்டோடு சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் போஸ்ட்மேன் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் தனக்கு மருமகன் பிறந்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டார்.

இப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றபின் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் தபால்களைச் சேர்க்கத் தொடங்கியதற்கு ஜெர்மனி காரணமில்லை. அந்த நாட்டைப் பற்றி அவருக்குப் பெரிய அக்கறை எதுவும் கிடையாது. பொழுது போகாமல் ஒரு தபால்தலைக் கண்காட்சிக்குப் போனவர், ஒரு வியாபாரியின் மேஜையில் பழுப்பேறிய உறை ஒன்றைப் பார்த்தார். தபால்தலை இல்லை. தெரு இல்லை, ஊர் இல்லை. ஒரு சிப்பாயின் பெயர், அதன் கீழே ஐந்து இலக்கத்தில் ஓர் எண். அவ்வளவுதான்.

"இது எங்க போச்சு?" என்று கேட்டார்.

"ரஷ்யாவுக்கு சார். போர்க்களத் தபால். படை எங்க இருக்குன்னு எதிரிக்குத் தெரியக் கூடாதுன்னு நம்பர் மட்டும்தான் எழுதுவாங்க. படை நகர நகர, தபாலும் பின்னாடியே போகும்."

"போய்ச் சேர்ந்துச்சா?"

"பதினோரு நாள்ல சேர்ந்திருக்கு."

மாணிக்கவாசகத்துக்குத் தலை சுற்றியது. 'சின்ன மாமா வீடு, ஆலமரத்துக்கு எதிரில், மைசூர்' என்று ஜனங்கள் எழுதிப் போடும் விலாசங்களோடு மல்லுக்கட்டியே காலத்தைக் கழித்தவர் அவர். இங்கே ஊரே இல்லாத ஒரு கடிதம், பனியிலும் குண்டு மழையிலும், ஓடிக்கொண்டிருக்கிற ஆளைத் துரத்திப் பிடித்திருக்கிறது. அந்த உறையை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார்.

ஐந்து வருடத்தில் இருநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. மைசூர் விஜயநகர் வீட்டில் துணி வைக்கும் பீரோவில் பாதி ஜெர்மன் ராணுவத்துக்குப் போனது. எல்லா உறைக்குள்ளும் கடிதம் இருந்தது. அவர் எதையும் வெளியே எடுக்கவில்லை. முத்திரை, தேதி, படைப்பிரிவின் எண், தணிக்கைக்காரன் ஒட்டிய தாள், இவை போதும் அவருக்கு.

இதில் முதலில் வந்த ஆபத்து ராமக்காள். மாணிக்கவாசகத்தின் மனைவி சொர்ணலதாவுக்கு அக்காள். ராமாபுரத்தில் தோட்டம் துரவோடு இருப்பவள். வருடந்தோறும் தசராவுக்கு வந்தால் ஒரு மாதம் தங்கிவிட்டுத்தான் போவாள். ஓர் ஆயுத பூஜையன்று, ஸ்கூட்டர், மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், மேஜைமேல் பரப்பியிருந்த உறைகளில் கழுகும் அதன் காலடியில் ஸ்வஸ்திக்கும் போட்ட முத்திரைகளைக் கண்டு, பதினோரு உறைகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள்.

மாணிக்கவாசகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, அது நம்ம ஸ்வஸ்திக் இல்ல. அந்தக் குறிய வெச்சிருந்தவங்க லட்சலட்சமா ஜனங்கள, குழந்தைங்களக்கூட, ரயில்ல ஏத்திக் கொண்டுபோய்க் கொன்னாங்க."

ராமக்காளின் முகம் செத்துவிட்டது. "அந்தப் பாவிக முத்திரைக்கா நான் பொட்டு வெச்சேன்?" என்று முந்தானையை எடுத்து அழுத்தித் துடைத்தாள். பொட்டோடு சேர்ந்து முத்திரையும் போயிற்று.

அடுத்து வந்ததுதான் ஹில்டே. ஜெர்மனியிலிருந்து ஒரு வியாபாரி நாற்பத்து மூன்று உறைகளை ஒரே கட்டாக அனுப்பினார். எல்லாமே ஓபர்லிண்டன் என்ற சின்ன ஊரிலிருந்து ஹில்டே என்ற பெண், களத்திலிருந்த தன் கணவன் எரிச்சுக்குப் போட்டவை. மாணிக்கவாசகம் தினமும் மத்தியானம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து ஹில்டேயின் உறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது வாரம் சொர்ணலதாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, என்னதான் எழுதியிருக்கா அவ?"

"எனக்கெப்படித் தெரியும்? அது அவ புருஷனுக்குப் போட்ட லெட்டர்."

"படிக்கிறதுக்குத்தானே எழுதறது?"

"அவன் படிக்கிறதுக்கு. விலாசதாரர் நானா?"

சொர்ணலதா முப்பது வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவள். விடை தெரியாமல் ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போகும் பழக்கம் அவளுக்கு இல்லை. அடுத்த திங்கட்கிழமை, ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்களுக்கு நடக்கும் ஜெர்மன் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டாள். பதினான்கு இளம் நர்சுகளுக்கு நடுவே அறுபத்தொரு வயதில் உட்கார்ந்து, 'இங்கே வலிக்கிறதா?', 'மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்குங்கள்' என்றெல்லாம் படித்தாள். ஒரு வருடத்தில் இரண்டு பரீட்சை தேறினாள். ஹில்டேயின் கையெழுத்து பழைய பாணி. வகுப்பு ஆசிரியை ஸ்மிதாவே அதைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். சொர்ணலதா அசரவில்லை. எட்டாம் வகுப்புப் பையன்களின் விடைத்தாள்களைத் திருத்திய கண்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா? பழைய எழுத்துகளின் அட்டவணை ஒன்றை அச்செடுத்து, சாப்பாட்டு மேஜையில் ஒட்டிக்கொண்டு, முதல் கடிதத்தை உறையிலிருந்து உருவினாள்.

"பேட, லதா, பேட!" என்று, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிப் பதறினார் மாணிக்கவாசகம். அவள் கேட்கவில்லை. அவர் ஹாலுக்குப் போய்ப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அது தசரா மாதம், ராமக்காளும் இருந்தாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவள் கேட்க, சொர்ணலதா திக்கித் திக்கித் தமிழில் சொன்னாள்.

"அன்புள்ள எரிச்... இங்க எல்லாரும் நலம்... பெர்த்தா அத்தை நல்லா சாப்பிடறாங்க. உருளைக்கிழங்குத் தோல் எல்லாத்தையும் அவங்களுக்கே குடுக்கறோம்."

ராமக்காளின் கத்தி நின்றது. "தோலா? கெழவிக்கித் தோலப் போட்டுட்டுக் கெழங்க இவிக திங்கறாங்களாக்கும்!"

அடுத்த கடிதம் இன்னும் மோசமாக இருந்தது. அத்தையை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் பின்கட்டில் துணி துவைக்கும் அறைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். அவள் சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று ஹில்டே கவலைப்பட்டிருந்தாள். அதற்கடுத்ததில் எடை பார்த்திருந்தார்கள், நூற்றுப்பத்து கிலோ.

"அடைச்சுப் போட்டா உடம்பு ஊதாதா?" என்றாள் ராமக்காள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஹாலில் இருந்த நாற்காலி ஒரு கடிதத்துக்கு ஓரடி வீதம் சாப்பாட்டு மேஜைப் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. பேப்பர் மட்டும் முகத்தைவிட்டு இறங்கவில்லை. பதினேழாவது கடிதத்தில் சொர்ணலதா தடுமாறினாள். அகராதியை மூன்று தடவை புரட்டினாள்.

"'அப்பா கத்தியத் தீட்டி வெச்சிட்டாரு. அத்தைக்கு ஒண்ணுமே தெரியாது. இன்னிக்குக் காலையில வந்து என் கைய...' நக்கினாங்கன்னு போட்டிருக்கு. முத்தம் குடுத்தாங்கன்னு இருக்கும். எழுத்துப் பிழை."

பேப்பர் கீழே விழுந்தது. "தேதி என்ன?" என்றார் மாணிக்கவாசகம்.

"டிசம்பர் ஒம்பது. நாப்பத்து மூணு."

"அடுத்தது?"

"டிசம்பர் பதினாலு. 'பெர்த்தா அத்தை இப்போ நம்மோட இல்ல. சீக்கிரமே முடிஞ்சிடுச்சு. உன் பங்கைத் தனியா அனுப்பறேன்.'"

"சொத்து!" என்று கத்தினாள் ராமக்காள். "மாப்ளே, சொத்துக்கோசரம் கெழவிய அறுத்துப் போட்டாங்க!"

மாணிக்கவாசகம் எழுந்து பீரோவைத் திறந்தார். அதே வாரத்து முத்திரையோடு, சின்னப் பொட்டலங்களுக்கான பழுப்பு அனுமதிச் சீட்டு ஒட்டிய மேலுறை ஒன்று அந்தக் கட்டுக்குள் இருந்தது. மேஜைமேல் வைத்தார். பங்கு போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைச் சுமந்தது தபால் துறை.

அன்றிலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார். சாப்பாட்டில் மனசில்லை. படிக்கக் கூடாததைப் படித்தாகிவிட்டது. அதில் கொலை இருக்கிறது. தெரிந்தும் மேலிடத்துக்குச் சொல்லாமல் இருப்பது எப்படி? ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினார். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி போட்டு, ஓபர்லிண்டன் நகராட்சி அலுவலகத்துக்கு. '1943 டிசம்பர் ஒன்பதுக்கும் பதினான்குக்கும் இடையே பெர்த்தா என்ற முதியவள் இறந்த சூழ்நிலையைத் தெரியப்படுத்தக் கோருகிறேன்' என்று முடித்து, கீழே பெயர், 'தலைமைப் பிரிப்பாளர், ரயில்வே மெயில் சர்வீஸ், இந்திய அரசு' என்று எழுதினார். ஓய்வு பெற்றவர் என்பதையும் மறைக்காமல் ஓரத்தில் சின்ன எழுத்தில் குறிப்பிட்டிருந்தார். ஜெர்மனியில் அந்தச் சின்ன எழுத்தை யாரும் பார்க்கவில்லை.

ராமக்காள் தன்னால் ஆனதைச் செய்தாள். பக்கத்துச் சிவன் கோயிலில் மோட்ச விளக்குக்குச் சொன்னாள்.

"பேர், நட்சத்திரம்?" என்றார் அர்ச்சகர்.

"பெர்த்தாங்க சாமி. நட்சத்திரம் தெரியாது. ஜெர்மனிக்காரங்க. சொந்தக்காரங்களே முடிச்சுப்புட்டாங்க."

அர்ச்சகர் வேறு எதுவும் கேட்காமல் விளக்கை ஏற்றினார்.

ஏழு வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. முடிவு தெரியாமல் ராமக்காள் அதுவரை ஊருக்குப் போகவில்லை. நகராட்சி அதிகாரி வெபர் என்பவர் எழுதியிருந்தார். இந்திய அரசின் விசாரணை கிடைத்ததாகவும், அதற்கு ஒரு கோப்பு திறக்கப்பட்டிருப்பதாகவும், ஏழு வருடத்து இறப்புப் பதிவேடுகளைப் பார்த்ததில் பெர்த்தா என்று எவரும் இறக்கவில்லை என்றும் சொல்லியிருந்தார். ஆனால் ஹில்டேயின் மகள் கிசேலா உயிரோடு இருக்கிறார், வயது எண்பத்தைந்து, அவரிடம் வாக்குமூலம் வாங்கி இணைத்திருக்கிறோம்.

வாக்குமூலம் கையால் எழுதப்பட்டிருந்தது. சொர்ணலதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"'நான் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அப்போது ஆறு வயது. நானும் உடந்தை. பெர்த்தா அத்தை எங்கள் பன்றி.'"

ராமக்காள் அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

போர்க்காலத்தில் ஒவ்வொரு பன்றியும் அரசாங்கக் கணக்கில் இருக்க வேண்டுமாம். அனுமதியில்லாமல் அறுத்தால் ஜெயில். தலையே போனவர்களும் உண்டாம். கடிதங்களைத் தணிக்கைக்காரர்கள் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதால் பன்றி அத்தையானாள். அறுத்த அன்று சத்தம் வெளியே கேட்காமல் இருக்கப் பாட்டி ஹார்மோனியத்தை ஓங்கி வாசித்தாளாம். அப்படியும் ஊர்ப் போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினார். கிசேலாவை வாசலுக்கு அனுப்பி, 'அத்தைக்கு உடம்பு சரியில்லை' என்று அழச் சொன்னார்கள். அழுதாள். அவர் தொப்பியைக் கழற்றி வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்கு ஒரு முழத் தொத்திறைச்சி போயிற்று. 'அத்தைக்கு அடிக்கடி உடம்புக்கு வரட்டும்' என்று பதில் வந்தது.

மாணிக்கவாசகம் முதலில் சிரித்தார். அப்புறம் சொர்ணலதாவின் குரல் இறங்குவதைக் கேட்டு நிறுத்தினார்.

"'அப்பா ரஷ்யாவில் கைதியாக இருந்து 1949-இல் திரும்பினார். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அடுப்பு ஓரமாக உட்கார்ந்தவர், எங்களில் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்து, "அத்தை ஏதாவது மிச்சம் இருக்கிறாளா?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழத் தொடங்கினாள். அப்பாவும் அழுதார். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா களத்திலிருந்து கட்டாகத் திருப்பி அனுப்பியிருந்த கடிதங்களை, பரணைக் காலி செய்தபோது அண்ணன் மகன் விற்றுவிட்டான். அவை இந்தியாவில் பத்திரமாக இருப்பதில் சந்தோஷம். உங்கள் அரசு என்னை மன்னிக்குமா?'"

சொர்ணலதா தாளை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"எனக்கு அப்பவே தோணுச்சு," என்றாள் ராமக்காள். "நூத்திப்பத்து கிலோவாம், தோலத் தின்னுதாம்."

"அப்புறம் எதுக்கு மோட்ச வெளக்குப் போட்டீங்க அக்கா?"

"போட்டா என்ன, மாப்ளே? அதும் ஒரு உசுருதானே. அந்தச் சனம் பசியாறிச்சில்ல?"

மாணிக்கவாசகம் வெபருக்கு உடனே எழுதினார். தான் இந்திய அரசு அல்ல, ஒரு சாதாரண பென்ஷன்காரன், தன் சந்தேகம் தீர்ந்துவிட்டது, கோப்பை முடித்துவிடலாம். வெபரின் பதில் மரியாதையாக இருந்தது. இந்திய அரசின் பெயரில் திறந்த கோப்பைத் தனிநபர் கடிதத்தின் பேரில் முடிக்க விதி இல்லை. இந்திய அரசு முடித்துக்கொள்ளச் சொல்லும் வரை அது திறந்தே இருக்கும்.

எந்த அமைச்சகத்தில் போய், எந்த ஜன்னலில் நின்று, பன்றியைப் பற்றி என்னவென்று சொல்வது? ஒரு வாரம் யோசித்தார். பிறகு விட்டுவிட்டார்.

ஆகவே வழக்கு நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வெபர் கோப்போடு கிசேலாவின் வீட்டுக்குப் போய், புதிதாகச் சொல்ல ஏதாவது உண்டா என்று முறைப்படி கேட்கிறார். கிசேலா அன்றைக்குக் கேக் செய்து வைத்து, பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று அவளுக்கு நினைவுக்கு வருகிறது. போன வருடம் ஹார்மோனியத்தில் பாட்டி வாசித்த பாட்டு எதுவென்று ஞாபகம் வந்து, வெபர் எழுதிக்கொள்ளப் பாடிக் காட்டினாளாம். அந்த வாக்குமூலத்தின் நகல் ஜனவரியில் விஜயநகருக்கு வருகிறது. சொர்ணலதா படித்துச் சொல்கிறாள். மாணிக்கவாசகம் கேட்டுவிட்டு, பெற்றுக்கொண்டேன், விசாரணை தொடரட்டும் என்று இரண்டு வரி எழுதி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தலைமைத் தபால் நிலையத்துக்குக் கிளம்புகிறார்.