இரண்டாம் படியிலேயே உட்கார்ந்துவிட்ட கணவர்

ஜாவாவின் கிளாத்தென் ஊர்ச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் ருமியாத்தி சொன்னால் ஊரே கேட்கும். வீட்டில் வளர்க்கிற புறாகூடக் கேட்காது. கணவர் பர்யோனோவின் இதயத்தில் அடைப்பு வந்து, குழாய் வைத்து அனுப்பியபோது, இனி ஒரு சிகரெட்கூடக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். "சரிங்க டாக்டர்" என்று பணிவாகத் தலையை ஆட்டிய மனிதர், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் பற்றவைத்தார். இந்த மனுஷனை எப்படித்தான் பிழைக்க வைப்பது என்ற ஆத்திரத்தில்தான் ருமியாத்தி நாற்பத்தாறு வயதில் யோக்யா நகரப் பல்கலைக்கழகத்தில் உடல்நல உளவியல் படிக்கப் போனார்.

போன இடத்தில் இன்னொரு தலைவலி. மனசைப் பற்றிப் பேச ஜாவா பாஷையும் போதாதாம், இந்தோனேசிய பாஷையும் போதாதாம். கலைச்சொற்கள் ஆங்கிலத்தில்தான் வர வேண்டும் என்பது பேராசிரியர் கினந்தியின் கட்டளை. 'என்னால் முடியும்' என்று ஒருவன் நம்புவதற்குப் பெயர் செல்ஃப் எஃபிகஸி. அதைச் சொல்லிப் பழகிப் பழகி, ருமியாத்திக்கு அந்த நம்பிக்கையே போய்விட்டது.

கொடுமை என்னவென்றால், அந்தச் சொற்களெல்லாம் பர்யோனோவின் நாக்கில் சட்டென்று ஒட்டிக்கொண்டன. காலையில் புறாக் கூண்டை வாசலில் தொங்கவிட்டு, வாயில் கிராம்புச் சிகரெட்டோடு, மனைவியின் போனில் பதிவாகியிருக்கும் பாடத்தைக் கேட்பார். கூவல் போட்டிக்கு வளர்க்கும் புறாவின் குரலில் நல்லது கெட்டது பிரித்துப் பழகிய காது. போன் ஒரு தடவை உச்சரித்தால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வார்.

கெட்ட பழக்கத்தை விடுகிறவன் ஏறும் படிகள் என்று ஒரு பாடம் வந்தது. விடும் எண்ணமே இல்லாதது முதல் படி. விடலாமா என்று யோசிப்பது இரண்டாவது, கான்டெம்ப்ளேஷன். அன்றைக்குப் பிடித்தது சனி.

"ஏங்க, அந்தப் பாக்கெட்டைக் கீழ வைங்க."

"அவசரப்படுத்தாதேம்மா. நான் கான்டெம்ப்ளேஷன்ல இருக்கேன். இந்தப் படியில இருக்கிறவனை நெருக்கக் கூடாதுன்னு உன் பாடத்துலயே இருக்கே."

"எத்தனை மாசமா அதே படியில? அங்கேயே பாய் விரிச்சுப் படுத்துட்டீங்களா?"

ஒருமுறை நிஜமாகவே நாலு நாள் விட்டார். அதற்குள் பக்கத்து வீட்டில் இறந்துபோனவருக்கு ஏழாம் நாள் வந்தது. பிரார்த்தனையில், ஊர் வழக்கப்படி கண்ணாடித் தம்ளரில் சிகரெட்டை அடுக்கி ஆண்களின் நடுவே வைத்தார்கள். புகையோடு திரும்பி வந்த பர்யோனோ, "இதுக்குப் பேரு ரிலாப்ஸ். இதெல்லாம் சகஜம்" என்றார். அடுத்த வாரம் தெருவில் இருந்த ஆண்கள் எல்லாருமே, "நாங்களும் கான்டெம்ப்ளேஷன்தான் அக்கா!" என்று ருமியாத்தியைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். படித்தது ஒருத்தி, பலன் முழுக்க அவர்களுக்கு.

வாய்மொழித் தேர்வு அன்று பர்யோனோதான் பைக்கில் கொண்டுவந்து விட்டார். தெரிந்த ஒருவரின் பழக்கத்தை விளக்க வேண்டும். ருமியாத்தி கணவரையே எடுத்துக்கொண்டார். மூன்றாவது படியின் பெயர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே இருந்து, "ப்ரெப்பரேஷன்!" என்று ஒரு குரல். கினந்தி சிரித்துவிட்டு அவரை உள்ளே கூப்பிட்டார். பர்யோனோ எல்லாப் படிகளையும் மளமளவென்று ஒப்பித்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கே பட்டம் குடுத்துடலாம் போலிருக்கே!" என்றார் கினந்தி. ருமியாத்தியும் ஒருவழியாகத் தேறினார்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தால், பர்யோனோ அதற்குள் பற்றவைத்திருந்தார்.

"பாஸாயிட்டோம்ல, அந்தச் சந்தோஷத்துக்கு ஒண்ணே ஒண்ணு."

ருமியாத்திக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "இனிமே ஒரு இங்கிலீஷ் வார்த்தை உங்க வாயில வந்துச்சுன்னா நான் நடந்தே ஊருக்குப் போயிடுவேன். நம்ம பேச்சுல சொல்லுங்க. ஏன் விட மாட்டேங்கறீங்க? செத்துப் போகணுமா உங்களுக்கு?"

பர்யோனோ சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "எங்கண்ணன் சிகரெட்டை விட்டாரு" என்றார். "விட்ட மாசமே போயிட்டாரு. உடம்பு பழகினதைத் திடீர்னு நிறுத்தினா தாங்காதுன்னு அன்னைக்கே எல்லாரும் சொன்னாங்க."

"இதை ஏங்க என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"அவர் கையிலேருந்து பாக்கெட்டைப் பிடுங்கிப் போட்டது நீதானே ருமி. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அந்த அண்ணன் சுகிதியின் நுரையீரல் படத்தை முதலில் பார்த்தவர் ருமியாத்திதான். கட்டி முற்றியிருந்தது. தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்று சுகிதி கையைப் பிடித்துக் கெஞ்சினார். இவரும் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பாழாய்ப்போன சொற்களை மனப்பாடம் செய்த நேரத்தில், இந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"விட்டதால அவர் சாகலைங்க" என்றார். "செத்துக்கிட்டிருந்தாரு. அதனாலதான் விடச் சொன்னேன். மூச்சாவது லேசா வரட்டும்னு. எனக்குத் தெரியும். உங்ககிட்டதான் சொல்லல."

பர்யோனோ சிகரெட்டை வாயில் வைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அது பாட்டுக்கு விரல் வரை எரிந்துகொண்டு வந்தது.

"முதல்லேருந்து சொல்லு" என்றார்.