நீலத்துக்கு உப்பு ஆகாது

வெடி மேலே போய் விரிந்தது. நான் பார்த்தது நல்ல நீலம். பக்கத்தில் நின்ற அத்தான், "நீலம் செத்துப்போச்சு. உப்பு ஏறியிருக்கு" என்றார்.

அத்தான், என் அக்காவின் கணவர், எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வாரம் ஒருநாள் பொழுது மங்கும் நேரத்தில் ஆலைக்குப் பின்னால் உள்ள பொட்டலில் மணி மருந்தைச் சோதிப்பார்கள். வானத்தில் வண்ணமாய் எரியும் சின்ன உருண்டைகளுக்கு அங்கே அதுதான் பெயர். ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரனான நான் வேடிக்கை பார்க்கப் போவேன்.

ஒவ்வொரு உலோகமும் எரியும்போது தனக்குரிய நிறத்தைத்தான் தரும். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குத் தாமிரம். நீலம் வலுவில்லாத நிறம். சாப்பாட்டு உப்பில் உள்ள சோடியம் துளி சேர்ந்தாலும் அதன் மஞ்சள் நீலத்தை விழுங்கிவிடும். வியர்வையிலும் உப்பு உண்டு. அதனால் நீல மருந்து உருட்டுகிறவர்கள் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவாமல் போய்க் கெடுத்தவருக்கு அந்த ஆலையில் அப்புறம் வேலை கிடையாது.

அந்த வார மருந்தை உருட்டியவர் அச்சங்குளத்திலிருந்து வேனில் வரும் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். அவரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் அத்தான்.

"கழுவிட்டுத்தான் போனேன் அண்ணாச்சி. வேணும்னா கையை நக்கிப் பாருங்க, உப்புக் கரிக்குதான்னு."

சுற்றி நின்ற வேலையாட்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "பேப்பர்க்கார அண்ணாச்சி, நீங்களும் பாத்தீகள்ல. என்ன கலருன்னு சொல்லுங்க."

முந்தின வாரம்தான் அத்தானை விருதுநகரில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். புரை விழுந்து கண்ணின் லென்ஸ் மஞ்சளாகியிருந்தது. மஞ்சள் கண்ணாடி வழியே நீலம் சரியாக உள்ளே வராது என்று மருத்துவர் விளக்கினார். திரும்பும் வழியில் அத்தான், தீபாவளி சீசன் முடியும்வரை அக்காவிடம்கூடச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். நிறம் தெரியாத போர்மேனை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது.

செய்தியில் என்றால் "கூறப்படுகிறது" என்று முடித்திருப்பேன். இங்கே அது உதவாது. நீலம்தான் என்றேன்.

"பேப்பர்க்காரனுக்குக் கறுப்பு வெள்ளையைத் தவிர என்ன தெரியும்" என்றார் அத்தான். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் மிஞ்சியிருந்த ஆதாரம் அவருடைய கண் மட்டும்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார்.

அடுத்த வாரம் அத்தான் போனில் கூப்பிட்டார். "சாயங்காலம் வந்திரு மாப்ளே. பக்கத்துல நில்லு. நீலம் சரியா இருந்தா என் கையைப் பிடிச்சு அமுக்கு."

அன்று தவறியது தன் கண்தான் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த அம்மாவை முதலில் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

"அவுகளைக் கூப்பிட்டா என் கண்ணு போச்சுன்னு ஊருக்கே சொன்ன மாதிரில்லா ஆயிரும்."

போனேன். நீலம் உருட்ட வேறொரு பெண்ணை வைத்திருந்தார்கள். ஈரக் கையோடு தள்ளி நின்று அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெடி விரிந்தது. நல்ல நீலம். அமுக்கினேன்.