பரீட்சைக்கு வந்த சுறா

சாயல்குடிக்குத் தெற்கே, கடற்காற்று படும் தூரத்தில் மிளகாய் விவசாயம் பார்த்தவர் கூத்தையா. அவருடைய ஒரே மகள் முருகேஸ்வரி. ஐம்பத்தேழாம் வருஷம் மதுரைக்குப் போய் விலங்கியல் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை அவ்வளவு தூரம் படிக்கப் போனதே பெரிய செய்தி. என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கூத்தையா, "டாக்டருக்குப் பக்கத்துப் படிப்பு" என்று சொல்லிவைத்திருந்தார். எந்தப் பக்கம் என்று அவருக்கும் தெரியாது.

முதல் விடுமுறைக்கு வந்த மகள், தவளையை மல்லாத்திப் போட்டு அறுத்த கதையை ஊர்க் கிணற்றடியிலேயே விரிவாகச் சொல்லிவிட்டாள். அன்று மாலை டீக்கடையில் கூத்தையாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன்ணே, தவளை அறுக்கவா பிள்ளைய மதுரைக்கு பஸ் ஏத்திவிட்டீக? இங்கன கம்மாயில இல்லாத தவளையா?"

"தவளையிலதாம்ப்பா ஆரம்பிப்பாக. பெறகு மேல மேல போவாக" என்றார் கூத்தையா.

மேலே என்றால் அடுத்து யார் என்று ஒருவர் கேட்டதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

கடைசி வருஷத்துச் செய்முறைப் பரீட்சையில் சுறாவின் தலையை அறுத்து, உள்ளே ஓடும் நரம்புகளை அறுந்துபோகாமல் எடுத்துக் காட்டச் சொல்வார்கள் என்று கல்லூரியில் ஒரு பேச்சு. நரம்பு ஒவ்வொன்றும் தையல் நூலைப் போல இருக்கும். கத்தி கொஞ்சம் பிசகினால் போச்சு. படிப்பதற்கென்று விட்ட லீவில் ஊருக்கு வந்த முருகேஸ்வரி, மாரியூரிலிருந்து மீன் கொண்டுவரும் வியாபாரி மீரா சாகிபுவிடம் ஒரு சின்னப் பால்சுறா கேட்டாள்.

"சுறாவா தாயி? யாருக்கு?"

"எனக்குத்தான் மாமா."

மீரா சாகிபு அவளை ஏற இறங்கப் பார்த்தார். சைக்கிளை மிதித்தவர், ஒரு புதன்கிழமை காலையில் பனையோலையில் சுற்றி, நன்றாக வளர்ந்த சுறாவையே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

மாட்டுக் கொட்டத்தில் ஒரு பழைய கதவைக் கிடத்தி, அதன்மேல் சுறாவைப் போட்டு, குண்டூசிக்குப் பதிலாகக் கருவேல முள்ளைக் குத்திச் செருகி, முருகேஸ்வரி வேலையைத் தொடங்கினாள். தாவணியை இழுத்துச் செருகியிருந்தாள். கண்ணுக்குப் பின்னால் இரண்டு நரம்புகளை எடுத்துவிட்டாள். மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் வில்வண்டி வந்து நின்றது.

வந்தவர்கள் உப்பூர்ப் பக்கத்துப் பெண் பார்க்கும் கூட்டம். வெள்ளிக்கிழமை வருவதாகத்தான் பேச்சு. மாப்பிள்ளை செல்லச்சாமி போலீசில் சப்-இன்ஸ்பெக்டர்; டூட்டி மாறிவிட்டதால் முன்கூட்டியே கிளம்பி வந்துவிட்டார்கள். ஆறடி உயரம், முறுக்கிய மீசை. களத்தில் காய்ந்த மிளகாய் வத்தலின் காரம் ஏறி, வண்டியைவிட்டு இறங்கும்போதே தும்ம ஆரம்பித்திருந்தார்.

அவருடைய தாயார் சோணையம்மாள் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் மூக்கை உயர்த்தினார். "சுறா வாடை அடிக்குதே!"

கூத்தையா பதறிப்போய், "ஆமா... இன்னைக்கு வந்துச்சு" என்றார்.

சோணையம்மாளின் முகம் மாறியது. சுறாப்புட்டு என்றால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுப்பது. கல்யாணத்துக்கு ஒரே ஒரு பெண் நிற்கிற வீட்டில் இது எதற்கு?

"இந்த வீட்டுல யாரு பிள்ளை பெத்திருக்கா?"

கூத்தையா உள்ளே திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி முத்தழகு அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சுக் கேட்டுக் கொட்டத்திலிருந்து கத்தியோடு வெளியே வந்தாள் முருகேஸ்வரி.

"யாரும் பெறல அத்தை. இது பரீட்சைக்கு."

"பரீட்சைக்குப் புட்டு அவிக்கச் சொல்றாகளா?"

"அவிக்கிறதில்ல, அறுக்கிறது. வாங்க, காட்டுறேன்."

முத்தழகு தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சோணையம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உண்மையிலேயே கொட்டத்துக்குள் போய்விட்டார். அம்மா போகிறாரே என்று சப்-இன்ஸ்பெக்டரும் பின்னால் போனார்.

இது கண்ணுக்குப் போகிற நரம்பு, இது தாடைக்கு என்று முருகேஸ்வரி சொல்லச் சொல்ல, சோணையம்மாளின் பார்வை சுறாவின் உப்பிய வயிற்றிலேயே இருந்தது. "அதுக்குள்ள என்ன இருக்கு தாயி?"

தலையைத் தவிர வேறு நினைப்பே இல்லாமலிருந்த முருகேஸ்வரி அப்போதுதான் வயிற்றைக் கீறினாள். உள்ளே விரல் நீளக் குட்டிகள், வரிசையாக. ஒவ்வொன்றின் கழுத்துக்குக் கீழேயும் ஒரு கொடி, தாயின் கருப்பையோடு ஒட்டியபடி.

"தொப்புள்கொடியா? மீனுக்கா?"

"இந்தச் சுறாவுக்கு உண்டு அத்தை. முட்டை போடாது. நம்மளை மாதிரி கொடி வழியாத்தான் ஊட்டும்."

அஞ்சு பிள்ளை பெற்ற சோணையம்மாள் அந்தக் கதவுப் பலகை முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு குட்டியை விரலால் மெல்லத் தொட்டார். எத்தனை சுறாவை அரிந்திருப்பார். குடலோடு குடலாக வழித்து எறிந்ததை அன்றைக்குத்தான் முகம் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார். "ஏலே செல்லச்சாமி, இங்கன வந்து பாரு. நீயும் இப்படித்தாண்டா கெடந்தே."

செல்லச்சாமி அங்கே இல்லை. மாப்பிள்ளை கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

முருகேஸ்வரி பதநீரை எடுத்துக்கொண்டு போனாள். அவர் வெட்கத்தோடு வாங்கிக் குடித்தார். "ஆஸ்பத்திரியில பொணத்த அறுக்கையில நாங்க காவல் நிக்கணும்ங்க. நான் எப்பவும் முதுகக் காட்டித்தான் நிப்பேன். யார்கிட்டயும் சொல்லிராதீக."

"சொல்ல மாட்டேன். கரப்பான் பூச்சி பறந்தா நானும் கட்டில் மேல ஏறிருவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்துத் தும்மினார். பெண் பார்த்த சடங்கு அவ்வளவோடு முடிந்தது. பாட்டுப் பாடச் சொல்லவோ நடந்து காட்டச் சொல்லவோ யாருக்கும் நினைவு வரவில்லை. வண்டி ஏறும்போது சோணையம்மாள், "பரீட்சைய முடிச்சுட்டு வரட்டும், காத்திருக்கோம்" என்றார்.

பரீட்சையில் சுறா வரவில்லை. கரப்பான்தான் வந்தது. நல்ல வேளையாகச் செத்த கரப்பான். முருகேஸ்வரி கண்ணைப் பாதி மூடிக்கொண்டே அறுத்துத் தேறினாள்.

கல்யாணத்துக்குப் பிறகு, ராமநாதபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அவளுக்கு அறிவியல் ஆசிரியை வேலை கிடைத்தது. அந்த ஐப்பசி மழையில் வகுப்புக்குத் தவளை வேண்டும் என்றாள். பள்ளி பியூன் மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் சப்-இன்ஸ்பெக்டர் செல்லச்சாமி ஒரு மண்பானையில் தவளைகளைப் போட்டுத் துணியால் வாய் கட்டி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். கடைத்தெருவில் சல்யூட் அடித்த கான்ஸ்டபிள் காதைத் தீட்டினார்.

"பானைக்குள்ள என்னங்கய்யா சத்தம்?"

"விசாரணைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தார் அவர்.