‘ஐயம்’ என்று எழுதுபவர்

இசைத்தட்டை உறையிலிருந்து உருவி, இரு உள்ளங்கைகளாலும் விளிம்பை மட்டும் தாங்கி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். மூக்குக் கண்ணாடிக் கடையில் முப்பத்தோரு ஆண்டுகளாக லென்ஸ் தேய்க்கும் கண், கீறல் தப்பாது. கண்டுவிட்டால் உச்சுக் கொட்டி, "பாவம், எவனோ தூங்கிக்கிட்டே போட்டிருக்கான்" என்பார். பிறகு ஊசியை இறக்கி, முதல் இரண்டு நிமிடங்களை நின்றபடியே கேட்பார். உட்கார்ந்து கேட்கத் தகுந்ததா என்று பார்க்கிறாராம்.

இவர் என் பெரியம்மாவின் மூத்த மகன், அறுபதை நெருங்குகிறவர். தெருவில் தட்டுக்காரர் என்றால்தான் தெரியும்.

சேர்த்து வைத்திருப்பவை நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மேலைநாட்டு அரண்மனைகளில் பிறந்த பியானோ கான்செர்ட்டோக்கள். ஒரு பியானோவும் ஒரு வாத்தியக் குழுவும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் இசை. அக்காலத்துப் பெரிய பெயர்கள் இரண்டு மூன்றை உலகமே அறியும். அவர்களுடைய தட்டு ஒன்றுகூட இவரிடம் கிடையாது. "அவங்களைக் கேக்க ஊரே இருக்கு. இவங்களுக்கு யாரு இருக்கா?"

கடையில் கண் பரிசோதிக்கும் பெண்ணுக்கு இது தீராத வேடிக்கை. "என்னண்ணே, இந்த வாரம் யாரு? செத்துப்போனவரா, மறந்துபோனவரா?"

"ரெண்டும்தாம்மா. ஆனா ஆளு உற்சாகமா இருக்காரு."

தட்டு ஒன்றுக்கு ஓர் அட்டை. இயற்றியவர் பெயருக்கு எதிரே மூன்று சொற்களில் ஒன்று இருக்கும்: உறுதி, ஐயம், தவறு. தம்பியின் இசை அண்ணன் பெயரிலும், மாணவரின் இசை ஆசிரியர் பெயரிலும் வெளிவருவது இத்துறையில் வாடிக்கை. படியெடுத்தவர்கள் தமக்குத் தெரிந்த பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் உறைக் குறிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தீர்ப்பெழுதுகிறார். ஒன்பது ஆண்டுகள் ‘உறுதி’யாக இருந்த ஓர் அட்டையை அண்மையில் திருத்த வேண்டியதாயிற்று. திருத்தியவர் உறையைத் தடவி, "மன்னிச்சுக்கப்பா, உங்கண்ணன்னு நெனச்சிட்டேன்" என்றார். விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் இவருக்கு நெருக்கமானது மலிவாகப் பதிவான ஒரு பழைய தட்டு. ஓரிடத்தில் வாத்தியக் குழு மொத்தமும் ஓய்ந்துவிட, பியானோ மட்டும் தனியே வாசிக்கிறது. அந்த மௌனத்தில், குழுவில் யாரோ மெல்ல இருமுகிறார். பதிவு செய்தவர்கள் அதை நீக்காமல் விட்டுவிட்டார்கள். அவ்விடம் நெருங்கும்போது இவர் விரலை உயர்த்துவார். "இப்ப... கேட்டியா? யாருன்னு தெரியல. ஆனா கூட ஒருத்தன் இருக்கான்."

அந்த வீட்டில் நாற்காலிகள் நான்கு. ஒன்றைத் தவிர மற்றவற்றில் தட்டுகள்.

எங்கள் குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிப்பது என் பொறுப்பு. உரியவர் வாயால் உறுதி செய்யாத எதையும் மையால் எழுதுவதில்லை. சென்ற மாதம் ஒரு விடுமுறைப் பிற்பகலில் இவரிடம் சென்றேன். அண்ணி, பதினோரு ஆண்டுகளுக்கு முன், மகளின் பிரசவத்துக்காகக் கடல் கடந்து போனார். மூன்றே மாதம் என்றுதான் பேச்சு. மூன்று ஆறாயிற்று, பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கினான். சண்டை எதுவும் இல்லை. எப்போது வருகிறாய் என்று இவர் கேட்கவில்லை. வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. வாரந்தோறும் வந்த தொலைபேசி அழைப்பு, பிறந்தநாளுக்கு என்றாகி, அதுவும் மகள் வழியாக விசாரிப்பதோடு நின்றது.

நாற்காலியில் இருந்த தட்டுகளை இறக்கிவிட்டு, "வாங்க பதிவாளரே, உக்காருங்க" என்றார். ‘துணை’ என்ற கட்டத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஐயம்னு போடேன்" என்று சிரித்தார்.

"அது உங்க அட்டைக்குச் சரி. இதுல போட முடியாதுண்ணா."

"அப்ப காலியா விடு."

"காலியா விட்டா, இல்லைன்னுதான் அர்த்தம். உங்க பேரன் நாளைக்கு இதைப் படிப்பான்."

பியானோ தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பாராமல் கேட்டார்: "அவகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

அண்ணி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்: "‘உங்கண்ணன் என்ன சொல்றாரோ அதையே எழுதிக்கோம்மா. ஆனா அதை எங்கிட்டயும் ஒருதடவை அவர் வாயால சொல்லச் சொல்லு. வான்னாலும் சரி, வேணாம்னாலும் சரி. பதினோரு வருஷமா இந்த மனுஷன் ரெண்டையும் சொல்லல.’"

அவர் எழுந்தார். இசை ஓடிக்கொண்டிருக்கையில் அவர் ஊசியைத் தூக்கி நான் கண்டதில்லை; அன்று பாதியில் தூக்கினார். அறை திடீரெனப் பெரிதாகிவிட்டது போலிருந்தது. தொலைபேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எண்ணை மனப்பாடமாக அழுத்தத் தொடங்கியவர் கடைசி இலக்கத்துக்கு முன் நிறுத்தினார்.

"அங்க இப்ப மணி என்னம்மா இருக்கும்?"

நான் பதில் சொல்லுமுன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு விரலாக மடக்கி, அவரே எண்ண ஆரம்பித்தார்.