கண்ணாடிக் குழாயில் பிடித்த தண்டுவட நீர்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் விசில் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறாமல் நின்றுவிட்டார் என் கணவர். அந்த வண்டியின் கண்டக்டரே அவர்தான். அடுத்த நிறுத்தத்தில்தான் டிரைவர் கவனித்தார். ராஜபாளையத்தில் எங்கள் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு இரண்டு வருடம் கத்தினேன். சாப்பிட்ட கை காயும் முன்பே "சாப்பாடு வைக்கலையா?" என்பார். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், சண்டை போட்டதையே மறந்துவிட்டு டீ கேட்பார். இது நோயா, வீம்பா? எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

ஸ்கேனில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. நரம்பியல் மருத்துவர் தண்டுவட நீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். அல்சைமர் (நினைவை மெல்ல அழிக்கும் மூளைநோய்) என்றால், அந்த நீரில் அமிலாய்டு என்ற புரதம் குறைந்திருக்குமாம். டவ் (நரம்புச் செல்களில் உள்ள புரதம்) கூடியிருக்குமாம்.

"முதுகுத்தண்டுல ஊசியா? இடுப்பு விளங்காமப் போயிரும். ஜெபம் பண்ணுனா தீராதா?" என்றார் நாத்தனார்.

"நீங்க ஜெபம் பண்ணுங்க மதினி. நான் ஊசியப் போட்டுட்டு வாரேன்."

நீர் பிடிக்கும் குழாயை வெளியே வாங்கிவரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். ஒருவகை பிளாஸ்டிக் குழாய். காயத்துக்குக் கட்டும் துணி செய்யும் யூனிட்டில், துணியைக் கிருமி சாக நீராவியில் அவிக்கும் அறையில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். பிளாஸ்டிக்கை நம்புவேனா? யூனிட்டில் நானே அவித்த கண்ணாடிக் குழாயைப் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டியூட்டி டாக்டரும் எதுவும் கேட்காமல் அதிலேயே பிடித்துவிட்டார்.

சில நாள் கழித்து மருத்துவர் கூப்பிட்டார்.

"எந்தக் குழாய்ல பிடிச்சாங்க?"

"கண்ணாடி சார். நானே அவிச்சது."

"சுத்தத்துல குறை இல்லம்மா. அமிலாய்டு கண்ணாடியில ஒட்டிக்கும். நோய் இல்லாதவருக்கும் குறைஞ்ச மாதிரி காட்டலாம். மறுபடி எடுக்கணும்."

என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது. இதைப் படிப்பவர்கள் சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். நம் கெட்டிக்காரத்தனம் வீட்டோடு இருக்கட்டும்.

மறுபடியும் ஊசி. "முதுகுல நான் ஊசியே போட்டதில்ல" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் தலைவலியில் படுத்துக் கிடந்தார்.

இந்த முறை சரியான குழாய். அமிலாய்டு குறைவு, டவ் அதிகம். வீம்பு இல்லை. இத்தனை நாளும் ஒரு நோயாளியிடம்தான் கத்தியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும், "டாக்டர் என்னட்டி சொன்னாவ?" என்றார். சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அரை மணி நேரம் கழித்து அதையே கேட்டார். மறுபடி சொன்னேன். முதல்முறை கேட்பவராக மறுபடி அழுதார். எனக்கு அது காலையில் தெரிந்த செய்தி. அவருக்கு அது ஒருபோதும் பழசாகாது.

உண்மை தெரிய வேண்டும் என்று அந்த முதுகில் இரண்டு முறை ஊசி போட வைத்தவள் நான். மூன்றாம் முறை கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க. சத்துக் கம்மியாம்."

"அம்புட்டுதானா?" என்று சிரித்தார்.

"அம்புட்டுதான்."