பங்குனி வரைக்கும்

மார்கழியில் மல்லிச் செடியைக் கவாத்து செய்துவிட்டால், பங்குனியில்தான் பூ வரும். ஜமுனாமரத்தூருக்கு மேலே, தன் வீட்டுக் கொல்லையில் இருந்த செடியைக் குப்பம்மாள் வருஷம் தவறாமல் வெட்டிவிடுவாள். புருஷன் காளியப்பன் செம்மரம் வெட்ட ஆந்திராக் காட்டுக்குப் போய்த் திரும்பாத இத்தனை வருஷமும் அதை விடவில்லை. பூத்ததை யாருக்கும் தராமல் தானே தலை நிறைய வைத்துக்கொள்வாள். போனவன் வருவான் என்று அவள் வாயால் சொன்னதில்லை. அந்தப் பூதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த மார்கழியில் அவள் பாதிச் செடியை வெட்டியிருந்தபோது, காளியப்பனோடு போன சடையப்பன் ஜெயிலிலிருந்து வந்து வேலியோரம் நின்றான்.

“அண்ணி, அண்ணன் இனிமே வரமாட்டாரு. அன்னிக்குப் போலீசு தொரத்திக் காட்டுல ஓடறப்பவே பாறையிலேர்ந்து வுழுந்து செத்துட்டாரு. நான் கண்ணால பாத்தேன்.”

அவள் அழவில்லை. புருஷன் செத்துத் தாலி கழற்றும் நாளில் பெண்ணின் தலை நிறையப் பூ வைத்து, பிறகு அதைப் பிடுங்கி எறிவது அவர்கள் வழக்கம். காலடியில் கிடந்த கிளைகளைப் பார்த்தாள். ஒரு மொட்டுகூட இல்லை.

“இத வேற யாருக்குனா சொன்னியா?”

“இல்ல அண்ணி. நேரா இங்கதான் வர்றேன்.”

குப்பம்மாள் குனிந்து மீதிச் செடியை வெட்ட ஆரம்பித்தாள்.

“சொல்லாத. சொன்னா நாளைக்கே வாடுன கடைப்பூவ வாங்கியாந்து வெச்சு, புடுங்கிப் போட்டுட்டு அவுங்கவுங்க வூட்டுக்குப் போய்டுவாங்க. என் செடி பூக்கட்டும். பங்குனி வரைக்கும் உங்கண்ணன் உசுரோட இருக்கட்டும்.”